கடைசி பெஞ்சுக்கு எட்டாத குரல்

பார்வையோ செவித்திறனோ குறைந்த பிள்ளைகளை வகுப்பில் முன் வரிசையில் உட்கார வைக்க வேண்டும்; இதற்குத் தலைமை ஆசிரியரே பொறுப்பு. இதுதான் விதி. கல்வி அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். இந்த விதியை எத்தனையோ சுற்றறிக்கைகளில் சேர்த்து, முத்திரை குத்தி, எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பியிருக்கிறேன். பெரும்பாலான விதிகளைப் போல இதுவும் நல்ல விதி. பெரும்பாலான நல்ல விதிகளைப் போல இதுவும் அலமாரிக்குள் பத்திரமாக இருந்தது.

நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் சர்க்கரை, பிறகு முழங்கால், அதற்கப்புறம் பேரன் பேத்தியின் மதிப்பெண். "மூளை இருக்குதுங்க, கவனம்தான் இல்லை" என்று தொடங்குவீர்கள். ஒருவர் டியூஷனை மாற்றச் சொல்வார். ஒருவர் வல்லாரை மாத்திரை சொல்வார். செல்போனைப் பிடுங்கி வைக்கச் சொல்ல எல்லோரும் இருக்கிறீர்கள். நான் மட்டும் "பையன் வகுப்புல எங்க உக்காந்திருக்கான்?" என்று கேட்பேன். என்னை ஒரு மாதிரி பார்ப்பீர்கள். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தறி ஊர். விசைத்தறி வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். முன்பக்கம் குடியிருப்பு, பின்பக்கம் தறிக் கொட்டகை, நடுவில் ஒரு மண் சுவர். தறி ஓடினால் சமையலறையில் தண்ணீர்ச் சொம்புக்குள் வட்டம் வட்டமாக அலை ஓடும். சோற்றில் பஞ்சுத் தூசி விழும். பாவு நூலை விறைப்பாக்கப் போடும் கஞ்சி புளித்த வாசமும் மெஷின் எண்ணெய் வாசமும் தலைமுடியில் ஏறி, எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் போகாது.

அந்தச் சத்தத்துக்குள் யாரும் யாரையும் கூப்பிட முடியாது. அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவரைக் கூப்பிட வேண்டுமென்றால் நூல் தீர்ந்த தார்க்குச்சி ஒன்றை எடுத்து அவர் காலடியில் எறிவார்கள். விரல் நீளத்தைவிடக் கொஞ்சம் பெரிய மரக்குச்சி அது. நூலைச் சுற்றித் தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைப்பது. காலில் பட்டதும் அவர் நிமிர்ந்து பார்ப்பார். அதன் பிறகு பேச்செல்லாம் உதட்டசைவுதான். குரலே வராது. "சாப்பிட வா", "நூல் அறுந்துபோச்சு", "வியாபாரி வந்திருக்காரு" எல்லாம் கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வாயை மட்டும் அசைத்துச் சொல்லிவிடுவார்கள்.

இந்தப் பேச்சில் எங்கள் வீட்டிலேயே கெட்டிக்காரி சித்தப்பா மகள். என்னைவிடச் சில மாதம் இளையவள். நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு. மற்றவர்கள் ஒரு முறை தவறவிட்டு, "என்ன?" என்று கையை ஆட்டுவார்கள். அவளுக்கு அது தேவைப்பட்டதே இல்லை. சித்தப்பாவுக்கு அதில் பெருமை தாங்காது. வியாபாரிகளிடம் சொல்வார்: "எம்புள்ளைக்குக் கண்ணே காது மாதிரிங்க." எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறார் பாருங்கள். என்ன சொல்கிறோம் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் கதை வேறு. மாதத் தேர்வு முடிந்ததும் எங்கள் வகுப்பில் இடம் மாற்றுவார்கள். முதல் ராங்க் முதல் பெஞ்சு, கடைசி ராங்க் கடைசி பெஞ்சு. பெண்கள் பக்கம் தனி வரிசை, பையன்கள் பக்கம் தனி வரிசை. தலைமை ஆசிரியர் கொண்டுவந்த ஏற்பாடு இது. போட்டி மனப்பான்மை வளரும் என்பது அவர் நம்பிக்கை. நான் முதல் பெஞ்சு. சித்தப்பா மகள் கடைசி பெஞ்சு. போன வருஷமும் அப்படித்தான், அதற்கு முந்தின வருஷமும் அப்படித்தான். பாடம் புரிய முன்னால் உட்கார வேண்டும், முன்னால் உட்காரப் பாடம் புரிந்திருக்க வேண்டும். இதில் எங்கிருந்து ஏறுவது என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் கணக்கு வாத்தியார் கெட்டவர் இல்லை. மோகனூர்ப் பக்கத்து ஆள். ஒல்லியாக, உயரமாக இருப்பார். கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்துவார், எழுதிக்கொண்டே பேசுவார். வெள்ளைச் சட்டையின் முதுகுதான் எங்களுக்குப் பழக்கம். சித்தப்பா மகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். திரும்ப மாட்டாள். மறுபடி கூப்பிடுவார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். கடைசியில் சாக்பீஸ் துண்டு ஒன்றை எறிவார். அது பெஞ்சில் விழுந்ததும் சட்டென்று எழுந்து நிற்பாள்.

"பாருங்க பிள்ளைகளே, பேர் சொன்னா அம்மிணிக்குக் காது கேக்காது. சாக்பீஸ் எறிஞ்சாத்தான் மரியாதை" என்பார் வாத்தியார். வகுப்பு சிரிக்கும். அவளும் சிரிப்பாள். அது இன்னும் திமிராகத் தெரியும்.

வீட்டுக்கு வந்து சேர்ந்த மதிப்பெண் அட்டையைப் பார்த்துச் சித்தப்பா ஒரு முடிவு சொன்னார். "ஏழாவதுல தேறலைன்னா பள்ளிக்கூடம் வேண்டாம் சாமி. தார் மெஷின்ல உக்காந்துக்க. ஊட்டுலயும் ஆள் பத்தலை." தார் மெஷின் என்பது தார்க்குச்சிகளில் நூல் சுற்றும் இயந்திரம். அதன் முன்னால் உட்கார்ந்தவர்கள் எழுந்து பள்ளிக்கூடம் போனதை நான் பார்த்ததில்லை. சித்தப்பா கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். அவரும் அப்படி உட்கார்ந்தவர்தான்.

அந்த வருஷம் மழை இல்லை. மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று மின்சாரத்தை வெட்டத் தொடங்கினார்கள். முதல் நாள் பகலில் எல்லாத் தறியும் ஒரே நேரத்தில் நின்றது. ஊரே மூச்சை நிறுத்தியதுபோல இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு கடிகாரம் இருந்தது எனக்குத் தெரியும். அது டிக் டிக்கென்று சத்தம் போடும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

நின்றது தறி மட்டும்தான். கத்துவது நிற்கவில்லை. கொட்டகைக்கு வெளியே எப்போதும் தொண்டை கிழியப் பேசியே பழகியவர்கள் அமைதிக்குள்ளும் அதே குரலில் பேசினார்கள். எதிர்வீட்டுக்காரர் மாமியாரைப் பற்றி மனைவியிடம் சொன்னதெல்லாம் தெரு முழுக்கக் கேட்டது. மாமியாருக்கும் கேட்டது. அந்த வாரம் தெருவில் மூன்று வீட்டில் சண்டை. மின்சார வாரியத்தால் உண்டான குடும்பச் சேதத்தை யாரும் கணக்கெடுக்கவில்லை.

இரண்டாவது வாரம் என்று நினைக்கிறேன். கரண்ட் இல்லாத மத்தியானம். நாங்கள் இருவரும் கொட்டகை வாசலில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தோம். உள்ளே சித்தப்பாவும் அப்பாவும் பாவு சுற்றிய இரும்பு உருளையைத் தூக்கி மாற்றினார்கள். கை நழுவிவிட்டது. சிமெண்டுத் தரையில் உருளை விழுந்த சத்தத்தில் பக்கத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தை வீறிட்டது, கோழிகள் கூரைமேல் ஏறின, நான் எழுந்து நின்றுவிட்டேன். சித்தப்பா மகள் மட்டும் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து நின்றதைக் கண்ட பிறகுதான் நிமிர்ந்தாள். எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மற்றவர்கள் பயந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, தானும் பயந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்.

சித்தப்பா சிரித்தார். "எம்புள்ளைக்குப் பயமே கிடையாது பாரு."

சித்தி சிரிக்கவில்லை. அடுப்படிக்குப் போய் ஒரு பித்தளைத் தட்டையும் கரண்டியையும் எடுத்து வந்தார். மகளின் முதுகுக்குப் பின்னால் நின்று தட்டினார். அவள் எழுதிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் நெருங்கித் தட்டினார். எழுதிக்கொண்டிருந்தாள். காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் தட்டியபோதுதான் திரும்பினாள்.

"என்னம்மா?"

சித்தி தட்டைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "ஏனுங்க, இத்தனை வருஷமா இவ கூடப் பேசிட்டிருக்கறோம்."

அதுதான் விஷயம். வேறு எந்த வீட்டில் பிறந்திருந்தாலும் மூன்று வயதில் கண்டுபிடித்திருப்பார்கள். எங்கள் வீட்டில் பகலெல்லாம் எல்லோருமே செவிடு. கூப்பிடக் குச்சி எறிவோம், உதட்டைப் பார்த்துப் பேசுவோம், கொட்டகையை விட்டு வெளியே வந்தால் காதருகே கத்துவோம். காது கேட்காத ஒரு பிள்ளைக்கு அதைவிட வசதியான வீட்டை யாரும் கட்டித் தந்திருக்க முடியாது. அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை.

சேலத்துக்கு அழைத்துப் போனார்கள். துணைக்கு நானும் போனேன். பெரியாஸ்பத்திரி டாக்டர் ஓர் இரும்பு இசைக்கவையைத் தட்டித் தட்டி அவள் காதருகே பிடித்தார். குழந்தையாக இருந்தபோது காதில் சீழ் வடிந்ததா என்று கேட்டார். சித்தி தலையாட்டினார். முழுக்கப் போகவில்லை, பாதிக்கு மேல் போய்விட்டது, இதற்கு மேல் குறையாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். சீட்டு எழுதிக் கொடுத்தார். "மருந்தைவிட இது முக்கியம். வகுப்புல முன்னால உக்கார வெக்கச் சொல்லுங்க. அவ முகத்தைப் பார்த்துப் பேசச் சொல்லுங்க. அவ்வளவுதான்."

பஸ்ஸில் திரும்பும்போது சித்தி என்னிடம் சொன்னார்: "பள்ளிக்கூடத்துல பெரிய சாருகிட்ட மட்டும் சொல்லுவோம். பிள்ளைக கிட்ட வாயைத் தொறந்துடாத கண்ணு. நாளைக்கு இவளுக்குக் கல்யாணம் காச்சின்னு இருக்குது." எனக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு தெரியாது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவள் சித்தியின் உதட்டைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சித்தப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பெரிய சாரை, அதாவது தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போனார். மனுவையும் டாக்டர் சீட்டையும் நான்தான் பையில் வைத்து எடுத்துப் போனேன். தலைமை ஆசிரியர் பருத்த, மென்மையான மனிதர். சீட்டை இரண்டு முறை படித்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"பாவமுங்க. கண்டிப்பா செய்யணும். ஆனா பாருங்க, ராங்க் படி உக்கார வெக்கறது பள்ளிக்கூடத்து ஏற்பாடு. நானா ஒருத்தருக்கு மாத்தினா நாளைக்கு ஒவ்வொருத்தரும் எம்புள்ளைக்கும் முன் பெஞ்சு வேணும்னு வந்து நிப்பாங்க. மேலிடத்துக்கு எழுதிக் கேட்டுக்கறேன்."

"பெஞ்சு இங்கதானுங்களே இருக்குது?" என்றார் சித்தப்பா.

"பெஞ்சு இங்க இருக்குது. உத்தரவு மேலிடத்துலதானுங்க இருக்குது."

அந்த ஏற்பாட்டைச் செய்தவரே அவர்தான். அதை மாற்ற யாரையும் கேட்கத் தேவையில்லை. அதற்கான விதியைத்தான் மேலே சொன்னேன். ஆனால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிற்பாடு என் மேஜைக்கு அப்படிப்பட்ட கடிதங்கள் எத்தனை வந்தன தெரியுமா? தானே செய்யக்கூடிய காரியத்துக்கு மற்றவர் கையெழுத்தைத் தேடுகிறவர்களில் கெட்டவர்களைவிடப் பயந்தவர்களே அதிகம். மனு தக்க வழியாக மேலே போயிற்று. பதில் வரும்வரை நடவடிக்கை இல்லை. பதில் வரவில்லை என்பதால் கணக்கு வாத்தியாரிடமும் சொல்லவில்லை. தலைமை ஆசிரியர் அறைக்கும் எங்கள் வகுப்புக்கும் நடுவில் ஒரு சுவர்தான். மேலிடத்துக்குக் கிளம்பிய செய்தி அந்தச் சுவரைத் தாண்டவில்லை.

அடுத்த மாதத் தேர்வு நேரத்தில் எனக்கு அம்மை போட்டுவிட்டது. வேப்பிலைப் படுக்கையில் கிடந்தேன். தேர்வு எழுதாதவருக்குச் சுழியம். சுழியத்துக்குக் கடைசி பெஞ்சு. உடம்பு தேறிப் பள்ளிக்கூடம் போனபோது சித்தப்பா மகளுக்குப் பக்கத்தில் எனக்கு இடம். அம்மா வந்து பேசிப் பார்த்தார். ஏற்பாடு ஏற்பாடுதான் என்றார்கள். என்னைப் பார்த்து அவள் மட்டும்தான் சந்தோஷப்பட்டாள்.

முதல் பெஞ்சிலிருந்து பார்த்தால் பள்ளிக்கூடம் வேறு, கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால் வேறு. உடைந்த ஓட்டு வழியாக வெயில் விழுந்து கரும்பலகையின் பாதி பளபளக்கும். அதில் எழுதியது தெரியாது. எங்கள் முதுகுக்குப் பின்னால் பள்ளிச் சுவர். சுவரை ஒட்டி வெளியே யாரோ ஒருவரின் தறிக் கொட்டகை. அது ஓடினால் வாத்தியாரின் குரல் நாலாவது பெஞ்சோடு நின்றுவிடும். நல்ல காது இருந்த எனக்கே பாதிப் பாடம் விழவில்லை. கரண்ட் போனால்தான் கடைசி பெஞ்சுக்குப் பாடம். கூடவே இருந்த மற்ற இரண்டு பெண்களில் ஒருத்தி காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வருகிறவள். முதல் மணியிலேயே மேஜையில் தலை சாய்த்துவிடுவாள். இன்னொருத்திக்கு வீட்டில் நள்ளிரவு வரை தறி வேலை. அவள் கண் திறந்தபடியே தூங்குவாள். இவர்களையெல்லாம் மூளை இல்லாதவர்கள் என்று முன் பெஞ்சில் உட்கார்ந்து நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

சும்மா இருக்க முடியாமல் நான் ஆரம்பித்த வேலை அது. எனக்குக் கேட்டதை அவளுக்குச் சொல்வேன், கொட்டகையில் பேசுவதுபோல உதட்டை மட்டும் அசைத்து. சத்தம் துளியும் வராது. வாத்தியார் எதிரே நின்றாலும் கண்டுபிடிக்க முடியாது. முதல் நாள் பின்னக் கணக்கு நடந்தது. நான் இரண்டு வரி சொன்னதும் அவள் கண் விரிந்தது. என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இதைத்தான் இத்தனை நாளா சொல்லிட்டு இருந்தாரா?" என்று உதட்டை அசைத்தாள்.

"ஆமா."

"இது சுலபமால்ல இருக்குது!"

எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. இப்போது வருவதில்லை.

அடுத்த மாதத் தேர்வில் அவள் கணக்கில் பாதிக்கு மேல் வாங்கிவிட்டாள். மற்றப் பாடங்கள் அவளைக் கடைசி பெஞ்சிலேயே வைத்திருந்தன. வாத்தியார் விடைத்தாளை உயரத் தூக்கிப் பிடித்தார். முன் பெஞ்சுப் பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏம்மா, பக்கத்துல ஒரு அக்கா வந்து உக்காந்ததும் அம்மிணிக்குத் திடீர்னு அறிவு வந்துருச்சு. எப்புடி?"

அவளுக்கு அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. சிரித்தாள்.

"சிரிக்கறா பாரு! மத்தியானம் சாப்பாட்டு மணிக்கு வாத்தியாருங்க ரூமுக்கு வா. தனியா எழுதிக் காட்டு. பார்த்து எழுதினேன்னு தெரிஞ்சா சுழியம்தான். நீயும் வா புள்ள, கதவுக்கிட்ட நில்லு." கடைசியில் சொன்னது எனக்கு.

சுழியம் விழுந்தால் அந்த வருஷம் தேற மாட்டாள். தேறாவிட்டால் தார் மெஷின்.  உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அவளிடம் உதட்டை அசைத்துக் கேட்டேன். "சொல்லாதே. செவிடின்னு கூப்பிடுவாங்க" என்றாள்.

ஆசிரியர் அறையில் நீளமான மேஜை. இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் வாத்தியார். கேள்வித்தாள் அடிக்கிற காலம் இல்லை அது. வாயால் கேள்வி சொல்லி எழுதச் சொல்வார்கள். வாத்தியார் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகச் சொன்னார். அவள் தன் வாழ்நாளில் முதல் முறையாக அவர் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் முழுசாகப் பார்த்தாள். கேள்வி முடிவதற்குள் பேனா ஓடியது. நடுவில் ஜன்னலுக்கு வெளியே பையன்கள் கூச்சல் போட்டார்கள். வாத்தியார் எழுந்து போய் அவர்களை விரட்டிவிட்டு, அங்கேயே நின்றபடி, வெளியே பார்த்தபடி இரண்டு கேள்வி சொன்னார். பிறகு வந்து உட்கார்ந்து மீதியைச் சொன்னார்.

தாளை வாங்கித் திருத்தினார். திருத்தத் திருத்த முகம் மாறியது. எல்லாம் சரி. நடுவில் இரண்டு கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. தப்பாகக்கூட எழுதவில்லை. வெறும் இடம்.

"இது ரெண்டும் மத்ததைவிடச் சுலபம். ஏன் விட்டே?"

"நீங்க கேக்கலைங்க சார்."

"கேக்கலையா?" கோபமாக எழுந்தார். ஜன்னல் பக்கம் கை நீட்டினார். கை பாதியில் நின்றது.  பிறகு திரும்பி நின்றுகொண்டு, சுவரைப் பார்த்து, அவள் பேரைச் சொன்னார். அவள் மேஜைமேல் இருந்த உலக உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உரக்கச் சொன்னார். அசையவில்லை. திரும்பி அவள் முகத்துக்கு நேராக, குரலே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்து ஏதோ கேட்டார்.

"ஏழாவது 'பி' பிரிவுங்க சார்" என்று அவள் பதில் சொன்னாள்.

வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கதவுக்கிட்ட நின்ற என்னைப் பார்த்தார். "உங்க ஊட்டுல தெரியுமா?"

"தெரியுங்க சார். பெரிய சாருகிட்ட மனு கொடுத்திருக்குதுங்க. மேலிடத்துல இருந்து பதில் வரலைங்க."

"எப்பக் கொடுத்தீங்க?"

சொன்னேன். அவர் தலைமை ஆசிரியர் அறை இருந்த பக்கம் பார்த்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸ் மூடியபடியே இருந்தது.

அடுத்த நாள் காலை அவர் தலைமை ஆசிரியரிடம் போய் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. சுவர் வழியாகக் குரல் மட்டும் கேட்டது. "உத்தரவு வரட்டுமே" என்று பெரிய சார் சொன்னது தெளிவாகக் கேட்டது. அப்புறம் வாத்தியார் வகுப்புக்குள் வந்தார். மேடையில் ஏறவில்லை. சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்து பின்னால் வந்தார். கடைசி பெஞ்சுக்கும் பின்சுவருக்கும் நடுவில் நின்றார்.

"எல்லாரும் திரும்பி உக்காருங்க. இனிமே பாடம் இங்க."

முதல் பெஞ்சு கடைசி பெஞ்சு ஆகிவிட்டது. பின்சுவரில் கரி பூசி ஒரு பலகை மாதிரி ஆக்கிக்கொண்டார். எழுதும்போது பேச மாட்டார். எழுதி முடித்து, திரும்பி, அவளைப் பார்த்து, அதன்பிறகு வாய் திறப்பார். முன் பெஞ்சுக்காரர்களின் பெற்றோரில் ஒருவர் வந்து புகார் செய்தார். பிள்ளைகள் ராங்க் படிதான் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு பெஞ்சுகூட நகரவில்லை என்று வாத்தியார் பதில் சொன்னார். பிள்ளை எங்கே உட்கார வேண்டும் என்று ஏற்பாடு இருந்தது. வாத்தியார் எங்கே நிற்க வேண்டும் என்று எதுவும் இல்லை. என் உத்தியோகக் காலம் முழுவதும் விதிகளைப் படித்திருக்கிறேன்; ஒரு விதியை இவ்வளவு அழகாக மதித்த வேறொருவரைப் பார்த்ததில்லை.

காலையில் சாப்பிடாமல் வருகிற பெண்ணுக்கும் தூங்குகிற பெண்ணுக்கும் அதனால் பெரிய லாபம் ஏதும் இல்லை. ஒருத்திக்குச் சோறு வேண்டியிருந்தது, ஒருத்திக்குத் தூக்கம். வாத்தியார் நிற்கிற இடத்தை மாற்றலாம், அதற்கு மேல் அவர் என்ன செய்வார்? ஆனால் அந்த வருஷம் அவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. வாத்தியார் அவர்களைத் தூங்கவிட்டார்.

முழு ஆண்டுத் தேர்வில் சித்தப்பா மகள் தேறிவிட்டாள். பிரமாதமான மதிப்பெண் ஒன்றும் இல்லை. கணக்கில் மட்டும் நல்லது. இங்கிலீஷ் எல்லையைத் தொட்டுக்கொண்டு நின்றது. சித்தப்பா தெரு முழுக்க வெல்லம் கொடுத்தார்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஜூனில் பள்ளி திறந்தபோது கணக்கு வாத்தியாரைப் புதுச்சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். எட்டாம் வகுப்புக்குப் புது டீச்சர். குரல் மெலிசு. மேடையை விட்டு இறங்கமாட்டார். சித்தி போய்க் கேட்டபோது, "உத்தரவு இருந்தா காட்டுங்கம்மா, உக்கார வெக்கறேன்" என்றார். பெரிய சார் இன்னும் பதில் வரவில்லை என்றார். என்னுடைய ராங்க் என்னை மறுபடி முதல் பெஞ்சுக்கு இழுத்துக்கொண்டது. அவளுடைய ராங்க் அவளைப் பின்னால் தள்ளியது. நடுவில் ஆறு பெஞ்சு. திரும்பிப் பேசினால் டீச்சர் வெளியே நிறுத்துவார். முதல் மாதத் தேர்வில் மறுபடி கீழே போனாள்.

மழை வந்து கரண்ட் திரும்பியிருந்தது. தறிகளுக்கு ஆள் தட்டுப்பாடு. ஒரு சாயங்காலம் அவள் என்னிடம் வந்தாள்.

"அக்கா, பெருக்கு அன்னிக்கு என்னைத் தார் மெஷின்ல உக்கார வெக்கறாங்களாமா."

"யார் சொன்னது?"

"அப்பா அம்மாகிட்டப் பேசிட்டிருந்தாரு. கொட்டகைக்கு அந்தப் பக்கத்துல. பார்த்தேன்."

அவள் அழவில்லை. புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். தமிழ்ப் புத்தகத்தை என்னிடம் கொடுத்து, "இது உனக்கு. உன்னோடது அட்டை கிழிஞ்சிருக்குதில்ல" என்றாள். வாங்கிக்கொள்ளவும் முடியாமல் திருப்பிக் கொடுக்கவும் முடியாமல் நான் நின்றேன்.

ஆடிப்பெருக்கு எங்கள் பக்கத்தில் எதையும் தொடங்க நல்ல நாள். காலையிலேயே தார் மெஷினைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். ஆற்றுக்குக் கொண்டுபோகச் சித்தி தேங்காய்ச் சோறும் புளிச்சோறும் கிளறிக்கொண்டிருந்தார். கிளறும்போது முகத்தைத் திருப்பி வைத்திருந்தார். புதுப் பாவாடை கட்டி அவள் மெஷின் முன்னால் பலகையில் உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா சூடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தீப்பெட்டியைத் தேடினார். நெடுநேரம் தேடினார். தீப்பெட்டி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் வாசலில் தபால்காரர் சைக்கிள் மணி அடித்தார். பழுப்பு உறை. மேலே அரசாங்க முத்திரை. சித்தப்பா என்னைப் படிக்கச் சொன்னார். தலைமை ஆசிரியருக்கு எழுதிய பதிலின் நகல் அது. பெற்றோரின் தகவலுக்காக அனுப்பியிருந்தார்கள். மேற்படி மாணவியை முன் வரிசையில் அமர்த்துவது தொடர்பாகத் தலைமை ஆசிரியரே தக்க முடிவு எடுத்துக்கொள்ளலாம் என்று ஒற்றை வாக்கியம். படித்து முடித்தேன்.

"அப்படின்னா என்ன கண்ணு அர்த்தம்?" என்றார் சித்தி.

"பெரிய சாரே செய்யலாமுன்னு சொல்லியிருக்காங்க சித்தி."

"அவரே செய்யலாமா? அப்ப மொதல்லயே செஞ்சிருக்கலாமில்ல?"

"செஞ்சிருக்கலாம்."

சித்தி கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். சித்தப்பா காகிதத்தை வாங்கி, எழுத்தைப் பார்க்காமல் முத்திரையை மட்டும் விரலால் தடவிப் பார்த்தார். சூடத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். மகளின் எதிரே வந்து குனிந்தார்.

"எந்திரி சாமி. ஆத்துக்குப் போலாம். நாளைக்கு இந்தக் காயிதத்தோட நானும் வாரேன்."

மறுநாள் அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் பெரிய சாருக்கு எங்களைவிட அதிக நிம்மதி. அவரே எழுந்து வந்து, அவள் பையைத் தூக்கி முதல் பெஞ்சில் வைத்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் அங்கிருந்து பள்ளி இறுதி வரை படித்தாள். இப்போது அவளுக்கும் என் வயதுதான். வீடியோ அழைப்பில் மட்டும்தான் பேசுவாள். முகத்தைக் காட்டாமல் பேசுகிறவர்களிடம் அவளுக்குப் பொறுமை இல்லை.

நான் வேலையில் இருந்த காலத்தில் அந்த ஒற்றை வாக்கியத்தை எத்தனையோ கடிதங்களில் எழுதியிருக்கிறேன். ஒன்றும் சொல்லாத வாக்கியம் என்று கீழே இருந்தவர்கள் கேலி செய்வார்கள். சரியான கேலிதான். ஆனாலும் அதை மேஜையில் ஊறப்போட எனக்கு மனம் வந்ததில்லை. எந்த வீட்டில் யார் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறார்களோ, நமக்கென்ன தெரியும்? கேட்ட வருஷம் முடிந்து, வாத்தியார் மாறி, வகுப்பு மாறி, எல்லாக் கணக்கிலும் தாமதமாக எங்கள் வீட்டுக்கு அந்தப் பதில் வந்து சேர்ந்த தேதி, ஆடி பதினெட்டு.